கொமுட்டரில் வந்த தாய்மாமன்

1

என் பேரன் ஆதிக்கு முதல் முடி இறக்க நாள் குறித்த அன்று இரண்டு பேருக்குத் தொலைபேசியில் சொன்னேன். முதலில் துறையூரில் இருக்கும் என் அண்ணனுக்கு. பிறகு கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகன் லோகனுக்கு. வரிசையை மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் முடியை எடுப்போம் என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கேயும் அதே வழக்கம்தான். ஆதி என் மகள் மலரின் பிள்ளை. மலருக்கு இருப்பது ஒரே தம்பி. ஆக, முறைப்படி அந்த மடி லோகனுடையது. நான் அதை எடுத்து அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணமாகி நான் ஈப்போவுக்கு வந்து இருபத்தெட்டு வருடங்கள் ஆகின்றன. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இந்த நாட்டில்தான் முடி இறக்கினோம். இரண்டு முறையும் அண்ணனால் வர முடியவில்லை. இந்த முறை அவர், "டிக்கெட் போட்டாச்சு வசந்தா, பத்து நாள் ஒன் வீட்டுலதான்" என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சந்தோஷத்தில், "அப்ப ஆதி உங்க மடியிலதான் உக்காரணும்ணே" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் அவர், "நெசமாவா சொல்ற?" என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது?

லோகனிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

"அப்போ என் சீட்டு போச்சா?"

"மாமா இத்தன வருசத்துல இப்பத்தான்டா வர்றாரு. நீயும் வந்து பக்கத்துல நில்லு."

"பரவால்லலா மா. மாமாதான் இருக்காரே, நான் எதுக்கு? அன்னைக்கு எனக்கு டியூட்டி."

"லீவு கேட்டுப் பாரேன்."

"பாக்கலாம்லா."

இந்த ஊர்ப் பிள்ளைகள் 'பாக்கலாம்லா' என்றால் வரமாட்டார்கள் என்று அர்த்தம். அந்தச் சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்க்கொண்டிருந்த பையன். கோயில் என்றால் காரிலேயே உட்கார்ந்திருப்பான், சொந்தக்காரர் வீடு என்றால் கைப்பேசியைவிட்டு நிமிரமாட்டான். இவன் எங்கே மடியைப் பற்றிக் கவலைப்படப் போகிறான் என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் செல்வம்தான் சொன்னார். "ஒனக்கு ஒன்னும் தெரியாது. புள்ள பொறந்த வாரமே அவன் ஆன்லைன்ல வேட்டி வாங்கி வச்சிட்டான். என்கிட்ட கட்டிக் காட்டினான். இடுப்புல ஒட்டிக்கிற வேட்டி."

அன்று நான் சாதம் வடிக்க மறந்துவிட்டேன்.

2

மலருக்கு முடி இறக்கியபோது அண்ணனுக்குக் கடவுச்சீட்டே கிடையாது. லோகனுக்கு இறக்கியபோது கடவுச்சீட்டு இருந்தது, விசா வரவில்லை. டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு இரண்டு முறை போய் வந்தார். விசா கைக்கு வந்தபோது லோகன் தலையில் மறுபடி முடி முளைத்திருந்தது.

அந்த மடிக்கு வேறு ஒருவர் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மாமனாரும் மாமியாரும் பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். நான் மருமகளாக வந்தபோது தோட்டத்தில் ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டுக்கொண்டிருந்தார்கள். லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பாதி காலி. வந்த முதல் வாரம் மாமியார் என்னைக் கையைப் பிடித்துப் பின்லயத்துக்குக் கூட்டிப் போய், முகம் கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம், "பொன்னுசாமி, இது ஒன் தங்கச்சி. ஊர்லேருந்து வந்திருக்கு" என்றார். அவர் ஈர முகத்தோடு நிமிர்ந்து, "வாம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஊரிலிருந்து தனியாக வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு பிறந்த வீடு குறித்துக் கொடுப்பது வழக்கம். "சண்ட வந்தா கோவிச்சிக்கிட்டுப் போறதுக்கு ஒரு வீடு வேணாமா?" என்று மாமியார் காரணம் சொன்னார். நானும் போயிருக்கிறேன். முன்லயத்திலிருந்து பின்லயத்துக்குப் பெட்டியோடு நடந்து போவேன். பொன்னுசாமி அண்ணன் மனைவி சோறு போடுவார். இருட்டுவதற்குள் செல்வம் வந்து சைக்கிளை நிறுத்துவார். தீபாவளிக்குச் சேலை அந்த வீட்டிலிருந்து வந்தது. வளைகாப்புக்கு வளையல் அங்கிருந்து வந்தது. ஈப்போ கல்லுமலைக் கோயிலில் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் மடியில் வைத்ததும் அவர்தான்.

லோகனின் மொட்டைத் தலைப் படத்தை ஊருக்கு அனுப்பினேன். அண்ணன் தொலைபேசியில், "நல்லா பதனமா புடிச்சிருக்காரும்மா. நான் குடுத்ததா சொல்லி அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து அண்ணி சொன்னார், அந்தப் படத்தை அண்ணன் கடையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாராம், பொன்னுசாமி அண்ணன் முகம் இருக்கும் பக்கத்தை மட்டும் பின்னால் மடித்து. எனக்குச் சிரிப்பு வந்தது. பாத்திரம் துலக்கும்போது அழுகை வந்தது.

பொன்னுசாமி அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். லயங்களை இடித்துவிட்டார்கள். நாங்கள் வெகு காலத்துக்கு முன்பே ஈப்போவில் புந்தோங் பக்கம் வீடு பார்த்து வந்துவிட்டோம். செல்வம் சிம்பாங் பூலாயில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறார். நான் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

3

அண்ணன் வருவதற்கு முன் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை நான்தான் இணையத்தில் நிரப்பினேன். தங்கும் இடம் என்ற கட்டத்தில் என் வீட்டு முகவரியை எழுதியபோது விரல் கொஞ்சம் நின்றது. இந்த நாட்டின் தாள்களில் என் வீட்டு முகவரிக்குப் பக்கத்தில் என் பிறந்த வீட்டு ஆள் ஒருவரின் பெயர் வருவது அதுதான் முதல் முறை.

என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாக வசிக்கலாம், ஓட்டுப் போட முடியாது. குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறேன். கேட்கப் போகும் ஒவ்வொரு முறையும் அலுவலகக் கவுண்டரில், "துங்கு டூலு, புவான்" என்பார்கள். கொஞ்சம் காத்திருங்கள் அம்மா என்று பொருள். மலாயில் நான் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட முதல் சொல் துங்குதான்.

முதல் நாள் காலையில் அண்ணனிடம், "பசியாறிட்டீங்களாண்ணே?" என்றேன்.

அவர் பல் துலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீதானே இன்னும் ஒன்னும் போடல?"

"இல்லண்ணே, இங்க காலச் சாப்பாட்டுக்குப் பேரே பசியாறல்தான்."

அது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அண்ணியிடம் காணொளியில், "நான் பசியாறிட்டேன், நீ பசியாறிட்டியா?" என்று கேட்டு விளக்கவுரையும் கொடுத்தார். ஆனால் நான், "சடக்கு ஓரமா நடங்க, காடி வருது" என்றபோது ரோட்டிலேயே நின்றுவிட்டார். "ரோடும் காரும்தானே? நேரா சொல்லேன். ஒன் கூட நடக்கணும்னா ஒரு ஆள் மொழிபெயர்க்க வரணும் போல." நான் வேண்டுமென்று பேசவில்லை. வாயில் அதுதான் வருகிறது. அன்று மாலை, எங்கள் துறையூர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தின் பெயரைச் சொல்ல நினைத்தேன். எனக்கு வரவில்லை. அண்ணன் சொன்னார். அதற்குப் பிறகு படுக்கும் வரை அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவர் இருந்த நாட்களில் எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு ஒன்று. இங்கே நான் கடையில் அக்கா, பக்கத்து வீட்டில் ஆண்டி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் மலர் அம்மா, அரசாங்க அலுவலகத்தில் புவான். செல்வம் "இந்தா" என்பார், இல்லாவிட்டால் "மலரம்மா" என்பார். வசந்தா என்று இந்த வீட்டுக்குள் யாரும் சத்தமாகக் கூப்பிட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அண்ணன் ஒரு தண்ணீருக்குக்கூட, "வசந்தா, ஏ வசந்தா" என்று இரண்டு தடவை கூப்பிடுவார். முதல் தடவைக்கு நான் வேண்டுமென்றே போகமாட்டேன்.

ஒவ்வொரு மாலையும் அவர் கேட்பார். "லோகன் இன்னிக்கும் வரலியா?"

"வேலண்ணே."

"அஞ்சு வயசுல ஊருக்கு வந்தப்ப என் பம்பு செட்டு போல்ட்ட எடுத்து வாயில போட்டுக்கிட்டான். அதோட சரி. ஃபோன்லயும் ஹாய் மாமா, பாய் மாமாதான்."

மடி விஷயத்தை அவரிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவரோ துறையூரிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தையே லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதைத் தினமும் எடுத்துப் புளி போட்டுத் துலக்கினார். எனக்கு வாய் வரவில்லை.

4

முடி இறக்கும் நாளுக்கு முந்தின நாளே செல்வம் சாமான்களோடு காரில் கோலாலம்பூரில் இருக்கும் மலர் வீட்டுக்குப் போய்விட்டார். எங்களை ரயிலில் வரச் சொன்னவள் மலர். ஈப்போவிலிருந்து புதிதாகக் கொமுட்டர் விட்டிருக்கிறார்கள். ஊர் ஊராக நின்று போகும் மின்சார வண்டி. தெற்கே போய் ஒரு நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் இன்னொரு வண்டி பிடித்தால் பத்துமலைக் கோயில் வாசலிலேயே இறக்கிவிடும். எங்கள் தெருவில் கொஞ்ச நாளாக இதே பேச்சு. "இனிமே தைப்பூசத்துக்கு பஸ் பிடிக்க வேணாம்லா அக்கா" என்று எதிர் வீட்டுப் பெண் சொன்னாள். கல்லுமலை பக்கத்திலேயே இருக்கும்போது பத்துமலை எதற்கு என்று அண்ணன் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் கோலாலம்பூர்க்காரர்கள், அவர்களுக்குப் பத்துமலைதான் என்றேன்.

அண்ணன் சந்தன நிறச் சட்டையும் பட்டுக்கரை வேட்டியும் கட்டியிருந்தார். தாம்பாளத்தில் பிள்ளைக்குப் பட்டுச்சட்டை, மாப்பிள்ளைக்கு வேட்டி, மலருக்குச் சேலை, கற்கண்டு, பழம், பூ. மேலே சிவப்புத் துணி. என்னிடம் ஐந்து பைகள். தட்டை நான் வாங்கப் போனபோது அவர் விலக்கிக்கொண்டார்.

"தங்கச்சி கையில சீர்த்தட்டக் குடுத்துட்டு அண்ணன் கைய வீசிக்கிட்டு வருவானா? நகரு."

வண்டி வந்ததும் கால் பழகிய பெட்டியில் நான் ஏறினேன். அண்ணனும் பின்னாலேயே ஏறினார். அநேகமாகக் காலிப் பெட்டி. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் கொஞ்ச தூரம் கூட வந்தன. வெட்டிய பக்கம் வெள்ளையாக, வெட்டாத பக்கம் பச்சையாக. பிறகு செம்பனை. பத்துகாஜா, கம்பார், தாப்பா ரோடு என்று ஊர்கள் மாறினாலும் செம்பனை மாறவில்லை.

"இதுல ரப்பர் எங்க?"

"இதெல்லாம் முன்னால ரப்பர்தான். பீடோர் அந்தப் பக்கம். பொன்னுசாமி அண்ணன் வீடு அங்கதான் இருந்துச்சு."

அண்ணன் கண்ணாடியில் நெற்றி படச் சாய்ந்து பார்த்தார். அங்கிருந்து தெரிய ஒன்றும் இல்லை.

"அவரு மடியில உக்காந்தப்ப லோகன் அழுதானா?"

"இல்ல. பாதியிலயே தூங்கிட்டான்."

"நல்ல மனுசன்தான்" என்றார் மெதுவாக. கொஞ்ச நேரம் கழித்து, "லோகன் நேரா கோயிலுக்கு வந்துருவான்ல?" என்று கேட்டார்.

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "வரமாட்டான்ணே" என்றேன். மடி அவனுடையது என்பதையும், நான் கேட்காமல் கொடுத்ததையும், அவன் வேட்டி வாங்கி வைத்திருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அண்ணன் தட்டின் மேல் இருந்த துணியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"நானும் சந்தோசத்துல முறைய யோசிக்கல. சரி, நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்னுருப்பீங்க."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். தாய்மாமன் மடிய இன்னொருத்தன் எடுத்துக்கிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

தஞ்சோங் மாலிமில் கல்லூரிப் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். பின்னாலேயே சீருடை போட்ட ஒருவர் வந்து, அண்ணன் பக்கம் குனிந்து, மலாயில் மரியாதையாகச் சொன்னார். இது பெண்கள் பெட்டி ஐயா. வாசலுக்கு மேல் இளஞ்சிவப்பில் அவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறது. கோலாலம்பூர் போகும்போதெல்லாம் அங்கே ஓடும் கொமுட்டரில் அந்தப் பெட்டியிலேயே ஏறிப் பழகிய எனக்கு, கூட ஓர் ஆண் வருவது நினைவில் இல்லை.

விஷயம் புரிந்ததும் அண்ணன் எழுந்துவிட்டார். "நம்மூரு டவுன் பஸ்ஸுலயே நான் லேடீஸ் சீட்டுல உக்காந்ததில்ல. இங்க வந்து பேரக் கெடுத்துக்கிட்டேனே!" பெண்கள் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நானும் கூடப் போயிருக்கலாம். ஐந்து பைகள் இருந்தன என்பது ஒரு காரணம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மீதித் தூரம் உட்கார முடியாது என்பது இன்னொன்று. "வண்டி மாறுற எடத்துல நான் வந்து கூப்பிடுறேன். நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தட்டைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

5

ரவாங்கிலிருந்து கூட்டம் நெருக்கியது. மாற வேண்டிய நிலையத்துக்கு முன்பே எழுந்து அடுத்த பெட்டிக்குப் போகப் பார்த்தேன். பைகளோடு ஓர் அடி நகர முடியவில்லை. நிலையம் வந்ததும் இறங்கி மேடை வழியாக ஓடினேன். அடுத்த பெட்டிக் கதவில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். இந்த ஊரில் அண்ணே என்றால் நான்கு பேர் திரும்புவார்கள். திரும்பினார்கள். என் அண்ணன் திரும்பவில்லை. கதவு மூடியது. வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார், நான் வந்து கூப்பிடுவேன் என்று.

அவர் கைப்பேசியில் இருந்தது ஊர் எண். எங்கள் வீட்டு இணையத்தில் மட்டும் பேசும். அவருக்கு மலாயும் தெரியாது, இறங்கும் இடத்தின் பெயரும் தெரியாது. நான் சொல்லவே இல்லை.

அந்த வண்டி கோலாலம்பூர் சென்ட்ரல் வழியாகப் போகும். சென்ட்ரலை ஒட்டிய கட்டடத்தில்தான் லோகனுக்கு வேலை. ஆனாலும் எண்ணை அழுத்தக் கை தயங்கியது. மடியைப் பறித்துக்கொண்டு, அதற்கு வந்த ஆளையே தேடிக் கொடு என்று அவனிடம் எப்படிக் கேட்பது? கேட்டேன். வேறு யாரைக் கேட்பேன்?

"லோகா, மாமாவத் தொலைச்சிட்டேன்டா."

"என்னாது?"

சொன்னேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"மா, அழாதீங்கலா. இப்பத்தான் கிளம்பிச்சா அந்த ட்ரெயின்? மாமா என்ன கலர் சட்ட?"

"சந்தனக் கலரு. வேட்டி. கையில பெரிய தாம்பாளம், செவப்புத் துணி போட்டு மூடியிருக்கும்."

"அது போதும்லா. சென்ட்ரல்ல தாம்பாளத்தோட எத்தன பேரு வரப் போறாங்க. எறங்குவாரா?"

"எறங்கமாட்டாருடா. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்கன்னு சொல்லிட்டேன்."

"அடடா." அவன் ஓடும் சத்தம் கேட்டது. "சரி, நான் உள்ள ஏறியே பாக்குறேன். நீங்க பத்துமலைக்குப் போயிருங்க. இங்க வந்து நீங்களும் தொலைஞ்சிராதீங்க."

பத்துமலையில் இறங்கியபோது எல்லோரும் முடி இறக்கும் கொட்டகை வாசலில் நின்றார்கள். புறாக்களுக்கு நடுவே சுற்றுலாக்காரர்கள் பெரிய முருகனோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆதி மாப்பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"நல்ல நேரம் போயிட்டா என்னா செய்யறது சம்மந்தி?" என்று மாப்பிள்ளையின் அம்மா கவலைப்பட்டார்.

செல்வம் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார். "நல்ல நேரம் போனா இன்னொன்னு வரும்மா. எங்களுக்கு மச்சான் ஒருத்தருதான்."

மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. ரயில் இருக்கையில் அண்ணன், மடியில் தாம்பாளம், அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது உட்காருவது மாதிரி விறைப்பாக. கீழே லோகன் எழுதியிருந்தான்: 'பார்சல் கெடச்சிருச்சு.'

6

அடுத்த வண்டியில் வந்தார்கள். நிலைய வாசலிலிருந்து கூட்டத்துக்கு நடுவே முதலில் தெரிந்தது சிவப்புத் துணிதான். லோகன் தட்டைத் தோளில் ஏந்திக்கொண்டு முன்னால் வந்தான். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. அண்ணன் வெறும் கையோடு பின்னால் வந்தார். என்னிடம் கொடுக்காத தட்டை அவனிடம் கொடுத்திருந்தார்.

"நீ வந்து கூப்பிடுவேன்ன, நீ வரல, இவன் வந்தான்" என்றார் அண்ணன் என்னிடம். "மாமான்னு ஒரு சத்தம். நாலு பெட்டிக்குக் கேட்டிருக்கும்."

"மாமா எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாருமா. வசந்தா வந்து கூப்பிடணுமாம். நான் வசந்தா மகன்னு ஐசி கார்டெல்லாம் எடுத்துக் காட்ட வேண்டியதாப் போச்சு." லோகன் தட்டை மலரிடம் கொடுத்தான். ஆதியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டான். "ஓகேலா. டெலிவரி முடிஞ்சுது. நான் கிளம்புறேன். பாஸ்கிட்ட ஒரு மணி நேரம்தான் சொல்லிட்டு வந்தேன்."

மலர், "டேய், இருடா" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். சின்ன வயதில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்து, வலிக்கவில்லை என்று சொல்லும்போது சிரித்த சிரிப்பு அது.

உள்ளேயிருந்து முடி எடுப்பவர் குரல் கொடுத்தார். "அடுத்தது யாரு? யாரு மடி? சீக்கிரம் வாங்கலா, பின்னால ஆளு இருக்கு."

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மலர் பிள்ளையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"லோகா, இங்க வா."

"மாமா?"

"வந்து ஒக்காரு."

"எங்க மாமா?"

அண்ணன் தன் மடியைத் தட்டினார். "இங்க."

எல்லோரும் சிரித்துவிட்டோம். லோகன் சுற்றிலும் பார்த்தான். இரண்டு வெள்ளைக்காரர்கள் ஏற்கெனவே படம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். "மாமா, நான் கனம்லா. ஒங்க கால் ஒடிஞ்சிரும்."

"ஒடிஞ்சா ஒங்கம்மா கட்டுப் போடுவா." அண்ணன் சிரிக்கவில்லை. "நல்லாக் கேட்டுக்க. ஆதிக்கு மாமன் நீ. ஒன் மடி ஒன்னோடது. ஒனக்கு மாமன் நான். என் மடி என்னோடது. ஒங்கம்மா ரெண்டையும் போட்டுக் கொழப்பிட்டா. இத்தன வருசமா வெறும் மடியோட இருக்கேன்டா. வந்து ஒக்காரு."

லோகன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். காலணியைக் கழற்றினான். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, கூச்சத்தோடு, பாதி எடையைத் தன் கால்களிலேயே தாங்கிக்கொண்டு அண்ணன் மடியின் விளிம்பில் உட்கார்ந்தான். "நல்லா சாஞ்சு ஒக்காருடா" என்று அண்ணன் அவனை இடுப்போடு இழுத்துக்கொண்டார். மலர் ஆதியைத் தம்பி மடியில் வைத்தாள்.

முடி எடுப்பவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "இதுல எனக்கு எந்தத் தல?"

"சின்னது மட்டும்ணே" என்றார் செல்வம். "நடுவுல இருக்கறது சாயம் போட்ட தல, கத்தி கெட்டுப் போயிரும்."

தண்ணீர் பட்டதும் ஆதி வீறிட்டான். லோகன் குனிந்து அவன் காதில் என்னவோ பேசினான். மெல்லிய முடி சுருள் சுருளாக அவன் அலுவலகக் கால்சட்டையிலும், அதைத் தாண்டி அண்ணன் பட்டுக்கரை வேட்டியிலும் விழுந்தது. அண்ணனுக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரிந்திருக்காது. லோகனின் முதுகு மறைத்தது. அவர் அந்த முதுகில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தார்.

தலையில் சந்தனம் பூசி முடித்ததும் மலர் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். லோகன் எழுந்திருக்கப் பலகையில் கையை ஊன்றினான்.

"இரு, இரு. கால் மரத்துப் போச்சு" என்றார் அண்ணன்.

"எந்திரிச்சாதானே மாமா சரியாவும்?"

"கொஞ்ச நேரம் இருடா. என்ன அவசரம்?"

முடி எடுப்பவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசையில் முனகல் கேட்டது. லோகனின் பையில் கைப்பேசி அதிர்ந்தது. அவன் அதை எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தான். நான் துண்டோடு அவர்கள் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் கால்சட்டையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிடத் தொடங்கினேன், ஒவ்வொன்றாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.